வாவிக்கரையில் ஒரு விளையாட்டுத் தோட்டம்

யுத்தம் நடக்கும் பிரதேசங்களிலிருந்து வரும் செய்திகளில் குழந்தைகள் இடம்பெறுவது பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான். இறந்தவர் இத்தனை பேர், காயமுற்றவர் இத்தனை பேர், அகதி முகாமை வந்தடைந்தவர் இத்தனை பேர் என்று கணக்குச் சொல்லி முடித்தபின், தேகத்தில் ஒரு கீறலும் இல்லாமல் தப்பிப் பிழைத்து, இரவில் தூங்காமலும், பகலில் பேசாமலும், பத்துப் பிராயத்தில் மறுபடியும் பாயை நனைத்துக்கொண்டும், கதவு படாரென்று அடித்தால் மேசைக்குக் கீழே ஓடி ஒளிந்துகொண்டும் வாழ்கிற பெருந்தொகையான குழந்தைகளைப் பற்றிச் சொல்ல அச்செய்திகளில் இடம் மிஞ்சுவதில்லை. இந்தக் குழந்தைகளுக்கு உணவும் உடையும் மருந்தும் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. விளையாட்டும் வேண்டும் என்று சொன்னால்தான், உயிருக்கே உத்தரவாதம் இல்லாத இடத்தில் விளையாட்டுக்கு என்ன அவசரம் என்று நல்ல மனம் படைத்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் தகுதி, நூல் எழுதியவர்களைக் காட்டிலும், யுத்தத்தின் நடுவிலேயே குழந்தைகளுக்கென்று ஒரு வெளியை உண்டாக்கி, அதைப் பல ஆண்டுகள் காத்து நடத்தியவர்களுக்கு அதிகம் உண்டு என்று கருதுகிறேன். அத்தகையவர்கள் மட்டக்களப்பில் இருந்தார்கள்.

இலங்கையின் கீழ்க்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் நீண்டு கிடக்கும் அந்த நிலத்தில் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. இரு சமூகத்தாரும் பேசுவது தமிழ்; தாய்வழியாக எண்ணப்படும் குடிமுறைகூட இருவருக்கும் பொது. நெல்லும் மீனும் வாங்கி விற்று, கலியாணத்துக்கும் சாவுக்கும் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்து வாழ்ந்த அந்த ஜனங்களின் நடுவே, 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது, சில மாதங்களுக்குள் நடந்தவை ஒரு தலைமுறையின் நினைவைக் கறுப்பாக்கிவிட்டன. ஆகஸ்ட் 3-ஆம் தேதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9-ஆம் தேதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் தமிழர் 180-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் கைக்குழந்தைகளும் இருந்தன. ஆள் அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத வீடுகளுக்கோ கணக்கே இல்லை. முன்பு பந்து உருண்டோடினால் எடுக்கப் போன அடுத்த ஊர், அந்த ஆண்டுக்குப் பிறகு, குழந்தைகளுக்குப் பெயர் சொல்லவே பயப்படும் இடமாகிவிட்டது.

அதே ஆகஸ்டு மாதத்தின் 15-ஆம் தேதி நேர்ந்த வேறொரு சம்பவத்தையும் இங்கே சொல்லவேண்டும். அமெரிக்காவின் லூயிசியானாவில் பிறந்து, இளமையிலேயே இயேசு சபைத் துறவியாக மட்டக்களப்புக்கு வந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்த யூஜீன் ஹேபர்ட் அடிகளார், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞன் ஒருவனோடு காணாமற்போனார். புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர் அவர். பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிக்கவும் எறியவும் கற்றுக்கொடுத்தவர். அவரும் அந்த இளைஞனும் பிறகு கிடைக்கவில்லை. யுத்தம் ஒரு குழந்தையிடமிருந்து பறிப்பது மைதானத்தை மட்டுமன்று, அந்த மைதானத்துக்கு ஒவ்வொரு மாலையும் தவறாமல் வந்து நிற்கும் மனிதரையும் பறிக்கிறது என்பதற்கு இதைக் காட்டிலும் துலக்கமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. மைதானத்தை மறுபடியும் திருத்திவிடலாம். அந்த மனிதருக்குப் பதிலாக ஒருவரை உண்டாக்குவதுதான் கடினமான காரியம். இக்கட்டுரையின் விஷயமும் அதுவே.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1996 செப்டம்பரில், வாவிக்கரைப் பட்டினமாகிய மட்டக்களப்பில் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். யுத்தப் பிரதேசங்களில் குழந்தைகளின் ஆரோக்கியம் எவ்வாறு இருக்கிறது என்று ஆராய்ந்து வந்த கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தாரின் தொடர்பினால் இம்முயற்சி பிறந்தது. டொரொன்டோ நகரில், அங்கக்குறையுள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் சேர்ந்து மண்ணிலும் செடிகொடிகளிலும் கலை செய்யும் 'ஸ்பைரல் கார்டன்' என்னும் தோட்டத்தை அதற்கு முன்பே உருவாக்கியிருந்த ஓவியர் பால் ஹோகன், மட்டக்களப்புக்கு வந்து, உள்ளூர் இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான பால் சற்குணநாயகம் அடிகளாரோடு சேர்ந்து இதை நடத்தத் தொடங்கினார். வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் வந்து ஆரம்பித்த காரியங்கள் பல, அவர் விமானம் ஏறியதும் நின்றுபோவதை நாம் அறிவோம். இந்தத் தோட்டம் அவ்வாறு ஆகாமல் ஆண்டுக்கணக்கில் நிலைத்ததற்குக் காரணம், குழந்தைகளோடு நாள்தோறும் மண்ணில் உட்கார்ந்தவர்கள் மட்டக்களப்பின் இளைஞரும் இளம்பெண்களுமே என்பதுதான். அவர்களுள் தமிழரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். யுத்தத்தில் தாங்களும் சொந்தபந்தங்களை இழந்தவர்கள் பலர்.

தோட்டம் நடந்த முறை மிக எளியது. தமிழ்க் கிராமம் ஒன்றிலிருந்தும் முஸ்லிம் கிராமம் ஒன்றிலிருந்தும் குழந்தைகளை பஸ்ஸில் ஏற்றி, சோதனைச் சாவடிகளைக் கடந்து அழைத்து வருவார்கள். வாரத்துக்கு ஒருநாள் என்று, அதே குழந்தைகள் பல மாதங்கள் தொடர்ந்து வருவார்கள். மதிலுக்குள்ளே மரங்களும் வளர்ப்புப் பிராணிகளும் களிமண்ணும் வர்ணங்களும் இருக்கும். இன்னது செய், இப்படிச் செய் என்று கட்டளையிடுவார் இல்லை. ஒரு குழந்தை நாள் முழுதும் முயலுக்குப் புல் கொடுத்துக்கொண்டிருக்கும். மற்றொன்று களிமண்ணில் ஒரு வீட்டைக் கட்டிக் கட்டி இடிக்கும். வேறொன்று எதிலும் சேராமல் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அதையும் யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள். காலப்போக்கில் கதை கட்டுவார்கள். கட்டிய கதைக்கு முகமூடியும் உடுப்பும் செய்வார்கள். கடைசியில் அது பாட்டும் கூத்துமாக ஊரார் முன்னிலையில் அரங்கேறும். உங்களுக்கு என்ன நேர்ந்தது, வீட்டில் யார் செத்தார்கள் என்று எந்தக் குழந்தையையும் உட்காரவைத்து விசாரிப்பது அங்கே வழக்கமில்லை. சொல்லவேண்டியது இருந்தால் அது களிமண்ணிலோ கதையிலோ தானே வெளிப்படும். வெளிப்படும் அந்தச் சமயத்தில் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கவேண்டும், அவ்வளவே.

இவ்வளவு சாதாரணமான ஒன்று எவ்வாறு சிகிச்சையாகும் என்று சந்தேகம் தோன்றலாம். பயம் மனத்தில் மட்டும் தங்குவதன்று, தேகத்திலும் குடியேறுவது. அபாயம் வரும்போது இருதயம் வேகமாக அடித்துக்கொள்வதும், தசைகள் இறுகுவதும், தூக்கம் கலைவதும் உயிரைக் காப்பதற்கென்று இயற்கை வகுத்த ஏற்பாடுகள். ஆனால் அபாயம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீடிக்குமானால் அந்த ஏற்பாடு அடங்குவதற்கே வழி தெரியாமல் போய்விடுகிறது. ஷெல் விழாத இரவிலும் குழந்தையின் தேகம் ஷெல்லுக்காகக் காத்திருக்கிறது. படிப்பில் கருத்துச் செல்லாது. அற்பக் காரணத்துக்கு அடிதடி. அல்லது எதைச் செய்தாலும் சிரிக்காத ஒரு மௌனம். அக்குழந்தையிடம் பயப்படாதே என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, ஏனெனில் அது யோசித்துப் பயப்படவில்லை. கிளித்தட்டு ஆடும்போதும் இருதயம் அப்படித்தான் அடித்துக்கொள்கிறது. துரத்துகிறவன் கை நீளும்போது உடம்பெல்லாம் அப்படித்தான் பதறுகிறது. ஆனால் அங்கே துரத்துவதற்கு ஒரு கோடு உண்டு. அகப்பட்டவன் அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் இறங்கலாம். ஆட்டம் முடிந்தது என்றால் முடிந்ததுதான். பதற்றம் ஏறுவதும் இறங்குவதும், இறங்கியபின் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பதும் தினந்தினம் நடக்கும்போது, ஏறிய பயம் இறங்கவும் கூடும் என்பதை அந்தத் தேகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது.

எல்லா விளையாட்டும் இவ்வாறு நன்மை செய்வதாகவும் எண்ணிவிடலாகாது. வடக்கிலும் கிழக்கிலும் யுத்த காலத்துக் குழந்தைகள் ஆமியும் இயக்கமுமாகப் பிரிந்து, தடிகளைத் துவக்காகப் பிடித்து விளையாடியதைக் காணாத பெற்றோர் இல்லை. பெரியவர்கள் அதைக் கண்டு கலங்கி, அடித்து நிறுத்தப் பார்த்தார்கள். அதட்டி நிறுத்துவதால் அந்த ஆட்டம் மறைவுக்குப் போகுமேயன்றி மறையாது. கண்ணால் கண்டதைக் கையால் செய்துபார்த்துப் புரிந்துகொள்வது குழந்தையின் சுபாவம். கவலைப்படவேண்டிய அடையாளம் வேறொன்று உண்டு. 1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சௌசில்லா என்னும் ஊரில், பள்ளி பஸ்ஸோடு கடத்தப்பட்டு நிலத்துக்கு அடியில் புதைத்து வைக்கப்பட்ட 26 குழந்தைகள் உயிரோடு தப்பினார்கள். அவர்களைப் பின்னர் ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்த லெனோர் டெர் என்னும் மனநல மருத்துவர், அவர்களுடைய விளையாட்டில் ஒரு விசேஷத்தைக் கண்டார். நேர்ந்ததையே திரும்பத் திரும்ப, ஒரு மாறுதலும் இல்லாமல், களிப்பும் இல்லாமல் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடி முடித்த பின்னும் மனம் ஆறவில்லை. கதை அசையாமல் நின்றுவிட்ட விளையாட்டு அது. அத்தகைய இடத்தில்தான் அருகிலிருக்கும் பெரியவரின் பணி தொடங்குகிறது. சுடப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு போக ஒரு வண்டி வருமா, காயத்துக்கு மருந்து போட ஒரு நர்ஸ் வருவாளா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால், நின்றிருந்த கதை ஓரடி நகரக்கூடும். நகராமலே மாதங்கள் கழிந்தால், அந்தக் குழந்தையை வைத்தியரிடம் சேர்க்கவேண்டும் என்று தீர்மானிப்பதும் அவர் பொறுப்பு.

பெரியவர் ஒருவர் அருகில் இருப்பதன் அருமையை அனா பிராய்டு அம்மையார் இரண்டாம் உலக யுத்தத்திலேயே கண்டு எழுதியிருக்கிறார். லண்டன் நகரின்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்த காலத்தில், டோரதி பர்லிங்காம் என்பவரோடு சேர்ந்து ஹாம்ஸ்டெட் பகுதியில் குழந்தைக் காப்பகங்களை அவர் நடத்தினார். குண்டுவீச்சையும் இடிபாடுகளையும் தாயின் மடியிலிருந்து கண்ட குழந்தைகள் தாங்கிக்கொண்டதையும், பத்திரமான கிராமத்துக்குத் தனியே அனுப்பப்பட்ட குழந்தைகள் பிரிவினால் குன்றிப்போனதையும் அவர்கள் 1943-இல் வெளியிட்ட நூலில் விவரித்தார்கள். காப்பகத்துக் குழந்தைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, நாலைந்து குழந்தைகளுக்கு ஒரு தாதி என்று, மாறாத ஒரு முகத்தை ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்படுத்திக் கொடுத்தார்கள். தாயை இழந்த குழந்தை அந்தத் தாதியிடம் ஒட்டிக்கொண்டபின் அழுகையும் பொறாமையும் அதிகரித்தன. ஆயினும் நின்றுபோயிருந்த பேச்சும் வளர்ச்சியும் திரும்பத் தொடங்கின. மட்டக்களப்புத் தோட்டத்தார் இந்த நூலைப் படித்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அனுபவம் இரு இடத்தாரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அதே யுத்த காலத்தில் தெரெசீனில் நடந்ததை நினைக்கும்போது மனம் கனக்கிறது. இன்றைய செக் குடியரசில் இருக்கும் அந்தக் கோட்டை நகரை நாஜிகள் யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக ஆக்கினார்கள். 1942 டிசம்பரில் அங்கே கொண்டுவரப்பட்ட பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவியப் பெண்மணி, அங்கிருந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, கிடைத்த காகிதத்தில் படம் போடக் கற்பித்தார். கழிவுத்தாளின் பின்புறத்திலும் அவர்கள் வரைந்தார்கள். வரைந்த படத்தில் பெயரெழுதச் சொல்வது அவர் வழக்கம். மனிதரை எண்களாக்கிய ஓர் இடத்தில் அது எத்தகைய காரியம் என்பதை வாசகர் உணர்வார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் படித்த குழந்தைகளிலும் பெரும்பாலோர் மாண்டார்கள். ஏறக்குறைய 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் எஞ்சி, இன்று பிராகு நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூவும் வண்ணத்துப்பூச்சியும் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் அவற்றில் உண்டு. அந்த வகுப்பு அவர்களைச் சாவிலிருந்து காக்கவில்லை. கலையோ விளையாட்டோ கொலைகாரனைத் தடுத்து நிறுத்தும் என்று எவரும் நம்பவேண்டாம். இருந்த மாதங்களில் அவர்கள் குழந்தைகளாக இருந்தார்கள் என்பது மட்டுமே அதன் பலன். அந்தப் பலனைச் சிறிது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஊராரின் கையில் இருக்கும் சாதனங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். போர்த்தேங்காய் அடிப்பதும், ஊரையே இரண்டு பக்கமாகப் பிரித்து நடத்தும் கொம்புமுறியும், வடமோடி தென்மோடிக் கூத்தும் மட்டக்களப்பாரின் சொந்தச் செல்வங்கள். கூத்துப் பழகுவதற்கு மாதக்கணக்கில் அண்ணாவியாரிடம் இரவிரவாகப் பிள்ளைகள் ஆடிப் பழகவேண்டும். தாளக்கட்டுக்குக் கால் வைத்து, வட்டமாக எல்லோரும் ஒன்றாகச் சுழலவேண்டும். மனநலத்தார் இன்று பரிந்துரைக்கும் தாளமும் கூட்டு அசைவும் ஒழுங்கும் மாறாத ஆசிரியரும் ஆகிய யாவும் அந்தக் களரியில் அடங்கியிருக்கின்றன. பெரியவர்களுக்கும் அவர்களுடைய வழிகள் இருந்தன. காணாமற்போன மகனைப் பற்றி எந்த அதிகாரியிடமும் பதில் பெறாத தாய்மார், அம்மன் கோயிலில் தெய்வம் ஏறி ஆடுபவரிடம் கேட்டு அழுது ஆறுதல் அடைந்ததை, பற்றீசியா லோறன்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் பல ஆண்டுகள் உடனிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றியும் எழுதியவர் அவரே. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்றும், ஊரின் பந்தங்கள் அறுந்த இடத்தில் மனிதரை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து வைத்துச் செய்யும் சிகிச்சை போதாது என்றும் பல ஆண்டுகளாக எடுத்துரைத்தார். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போன்ற நாடகங்கள் யுத்தத்தின் மனவடுவை மேடைக்குக் கொண்டுவந்து, பார்த்தவர் தம் துயரத்தைத் தாமே காணும்படி செய்தன. வெளியிலிருந்து வரும் உதவியாளர்கள் முதலில் ஊரில் இத்தகைய ஆசிரியர் யார் இருக்கிறார் என்று தேடியபின்பே தங்கள் பெட்டியைத் திறக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பெட்டி திறந்தவர்களின் அனுபவமும் கற்கத் தக்கதே. 1999-இல் கொசோவோவிலிருந்து ஓடிவந்த அகதிகள் அல்பேனியாவின் முகாம்களில் தங்கியபோது, கூடாரங்களுக்கு நடுவே குழந்தைகளுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, விளையாட்டும் படிப்பும் நடத்தும் முறையை யூனிசெப் தொடங்கியது. அன்றுமுதல் பூகம்பமானாலும் யுத்தமானாலும் இத்தகைய இடங்களைத் திறப்பது உலக வழக்கமாயிற்று. அவை உண்மையில் பயன் தருகின்றனவா என்பதை வேர்ல்ட் விஷன் ஸ்தாபனமும் கொலம்பியாப் பல்கலைக்கழகமும் பல நாடுகளில் சேர்ந்து ஆராய்ந்தன. சிறு பிராயத்துக் குழந்தைகளுக்குச் சில மாதங்கள்வரை மிதமான நன்மை உண்டு. காலம் செல்லச் செல்ல அது தேய்ந்துவிடுகிறது. நன்றாக நடத்தப்பட்ட இடத்துக்கும் பெயரளவில் நடத்தப்பட்ட இடத்துக்கும் வித்தியாசம் மிகுதி. வட இலங்கையில், யுத்தம் முடியாதிருந்த காலத்திலேயே, 399 பள்ளிக் குழந்தைகளிடையே ஒரு சோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2012-இல் வெளியாயின. உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள், கூட்டு விளையாட்டும் நாடகமும் ஓவியமும் கலந்த 15 அமர்வுகளை ஐந்து வாரங்களில் நடத்தினார்கள். முரட்டு நடத்தை குறைந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் சிறியவர்களுக்கும் சில வகையில் நன்மை ஏற்பட்டது. ஆனால் பெண் பிள்ளைகளிடத்தில் மனவடுவின் அறிகுறிகள், அமர்வுகளில் சேராமல் காத்திருந்த பெண்களிடம் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. அன்றாட யுத்தத் துன்பம் அதிகமாக இருந்த குழந்தைகளுக்குப் பயனும் குறைவாகவே இருந்தது.

நம்மைப் போன்று விளையாட்டில் நம்பிக்கை வைத்தவர்களுக்கு இந்த முடிவு உவப்பானதன்று. அதனாலேயே இதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஐந்து வாரம் என்பது ஒரு குழந்தை ஒரு பெரியவரை நம்பத் தொடங்கும் காலம். அந்த இடத்தில் அமர்வுகள் முடிந்துவிடுகின்றன. வீட்டில் அரிசி இல்லாமலும், தகப்பன் எங்கே என்று தெரியாமலும், சாயங்காலம் ஊரடங்குச் சட்டத்திலும் வாழும் பிள்ளைக்கு, காலையில் பாடிய பாட்டு எவ்வளவு தூரம் துணைவரும்? நெருக்கடி காலத்து மனநல உதவியைப் பற்றி ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி 2007-இல் வகுத்த நெறிமுறைகள், பாதுகாப்பும் உணவும் உறைவிடமும் அடியில், குடும்பமும் ஊரும் தரும் ஆதரவு அதன்மேல், பயிற்சி பெற்றவரின் உதவி அதற்கும்மேல், வைத்தியரின் சிகிச்சை உச்சியில் என்று நான்கு அடுக்காகக் காட்டுகின்றன. விளையாட்டின் இடம் இரண்டாம் அடுக்கில். முதல் அடுக்கு இல்லாமல் அதைத் தனியே நிறுத்திவிட்டு, அது ஏன் நிற்கவில்லை என்று கேட்பது நியாயமாகாது.

காசாவில் இந்த உண்மை இன்று மிகக் கொடிய வடிவில் தெரிகிறது. 1990-இல் இயாத் அல்-சர்ராஜ் என்னும் மருத்துவர் அங்கே ஊர்மக்களுக்கான மனநல நிலையம் ஒன்றை நிறுவி, குழந்தைகளின் பயத்தையும் மூர்க்கத்தையும் பற்றித் தம் ஆயுள் முடிய எழுதியும் பேசியும் வந்தார். பாலஸ்தீன அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பு கோடை விடுமுறைகளில் கடற்கரையில் விளையாட்டு முகாம்களை நடத்தியது. 2010 ஜூலையில் வடக்கே பெய்த் லாஹியாக் கடற்கரையில் குழந்தைகள் 7,202 பட்டங்களை ஒரே சமயத்தில் பறக்கவிட்டு உலக சாதனை செய்தார்கள். மறு ஆண்டு 12,350 பட்டங்களை ஏற்றித் தங்கள் சாதனையைத் தாங்களே முறியடித்தார்கள். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு, நூலைப் பிடித்திருக்கும் குழந்தையின் முகம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அந்தப் பட்டங்களை ஏற்றிய குழந்தைகள் இன்று இருபது பிராயத்தைத் தாண்டிய இளைஞர்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு நடந்த யுத்தத்தில் அவர்களுடைய பள்ளிகளும் தெருக்களும் இடிந்தன. காசாவின் குழந்தைகள் ஏறக்குறைய அனைவருக்கும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, மனநல ஆதரவு வேண்டியிருக்கிறது என்று 2024-இல் யூனிசெப் கூறிற்று. இத்தனை பேருக்கு வைத்தியர் ஒருநாளும் போதமாட்டார். கூடாரங்களுக்கு நடுவே பிள்ளைகளை வட்டமாக நிறுத்திப் பாடவைக்கும் இளைஞர்களை விட்டால் அவர்களுக்கு வேறு கதி இல்லை. அந்த இளைஞர்களும் அதே குண்டுகளின் கீழ் வாழ்ந்தவர்களே.

ஆகையால் எந்த ஊரில் இத்தகைய பணி தொடங்கினாலும் முதலில் கேட்கவேண்டியது பந்து எத்தனை, வர்ணப்பெட்டி எத்தனை என்பதன்று. பிள்ளைகளோடு உட்காரும் அந்த இளைஞனுக்கும் பெண்ணுக்கும் மாதச் சம்பளம் எத்தனை காலத்துக்கு உறுதி என்று கேட்கவேண்டும். பணம் கொடுப்பவர்களின் திட்டங்கள் ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் முடிகின்றன; கணக்குப் புத்தகத்தில் கூடாரமும் உபகரணமும் எளிதாக ஏறுகின்றன, மனிதரின் கூலி ஏறுவதில்லை. பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்ப வண்டி உண்டா, அவர்களுக்கென்று ஒரு பெண் இருக்கிறாளா, தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வரும் மூத்த பெண் அந்தக் குழந்தையை இறக்கிவைக்க ஓர் இடம் உண்டா என்பவையும் அதே வேளையில் கேட்கத் தக்கவை. பலர் கேட்கத் தவறுவது இன்னொன்று. நாள் முழுதும் பிள்ளைகளின் கதைகளைத் தாங்கிக்கொண்டிருக்கும் அந்த இளைஞர்கள், வாரத்தில் ஒரு பொழுதாவது தங்களுக்குள் கூடிப் பேசவும், தங்களைக் காட்டிலும் அனுபவமுள்ள ஒருவரிடம் மனத்தைத் திறக்கவும் ஏற்பாடு இருக்கவேண்டும். அந்தப் பொழுதுக்கும் சம்பளம் கொடுக்கவேண்டும்.